மக்கீன் கடையில் தொங்கிய ஆடு

றலியாவின் புருஷன் ஹாஷிம் ஒரு வாயில்லாப் பூச்சி. இதைக் கொட்டாஞ்சேனை இறைச்சிக்கடை மக்கீன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஹாஷிம் வாங்கிவரும் பொட்டலத்தில் பாதி கொழுப்பாகத்தான் இருக்கும். இத்தனை நாளும் அதை உருக்கி, பொரித்து, எப்படியோ சமாளித்தாள். இன்றைக்கு முடியாது. மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு, அடுத்த தெரு லுத்பியா பகல் சாப்பாட்டுக்கு வருகிறாள்.

பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"யுத்த காலமாம். நல்ல ஆடெல்லாம் ஆமிக்காரனுக்குப் போகுதாம்" என்றார் ஹாஷிம்.

"அவன் சொன்னான், நீங்களும் கேட்டுக்கிட்டு வந்தீங்க." பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"பொம்பளை இறச்சிக்கடைக்குப் போனாள்னு தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சி போகும், றலியா."

அது வீண் பயமில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. போனாள்.

மக்கீன் அவள் பக்கம் திரும்பாமலே கத்தியைத் தீட்டினான். "ஹாஷிம் நானாவ அனுப்புங்க, ராத்தா. பொம்பளைகளோட நான் யாவாரம் பேசுறதில்ல."

"பேச வேணாம். வெட்டுங்க."

கொக்கியில் கொழுத்த ஆடொன்று தொங்கியது. முதுகெல்லாம் கொழுப்பு மினுங்கியது. இவளா ஏமாறுகிறவள்? அந்தக் கொழுப்பின் ஓரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு. குடலை மூடியிருக்கும் வலைக்கொழுப்பு, அதுவும் வேறோர் ஆட்டினுடையது, போர்வை மாதிரிக் கையோடு வந்துவிட்டது. உள்ளே எலும்பன் ஆடு; விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். நின்ற சனம் வாயைப் பிளந்தது.

மக்கீன் குரலைத் தாழ்த்தினான். "உள்ளுக்கு நல்ல தொடை ஒண்டு இரிக்கி. சல்லி வேணாம். சத்தம் போடாம கொண்டுபோங்க."

"எனக்குப் பிச்சை வேணாம்." பொட்டலத்தைப் பலகையில் வைத்தாள். "இதை எடுத்துக்கிட்டு, இதே நிறைக்கு அந்த எலும்பனையே வெட்டுங்க."

வெட்டினான். வேறென்ன செய்வான்?

கொட்டாஞ்சேனையில் கதை பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? சோறு போடும்போதே லுத்பியா கேட்டுவிட்டாள். "காலைல மக்கீன்ட கடைக்குப் போனது நீங்கதானாம்?"

திரைக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் நின்றது. ஹாஷிம் வெளியே செருமினார். இல்லையென்று ஒரு சொல் சொன்னால் போதும். றலியா லுத்பியாவின் தட்டில் இறைச்சியை வைத்தாள்.

"ஓம், நான்தான். சல்லி குடுத்தா இறச்சி தரணும். அடுத்த வெள்ளியும் போவேன்."

லுத்பியா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். எலும்பன் ஆட்டு இறைச்சி, மெல்லக் கொஞ்சம் நேரமெடுத்தது. விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"எங்கட வீட்டுக்கும் அவன் கொழுப்பத்தான் தாறான். போகக்குள்ள ஒரு குரல் குடுங்க. நானும் வாறேன்."