நாலு பத்து டீ

பூட்டுக்கடைக்காரரும் அவர் கடைச் சரக்கும் ஒரே ஜாதி: சரியான சாவி விழாமல் திறக்கமாட்டார். அந்தச் சாவி தன் இடுப்பில்தான் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தாலும், உப்பே இல்லாவிட்டாலும், தட்டு காலியாகும், சொல் வராது. இந்த மனுஷனுக்கு நாக்கு ஸ்டாம்பு ஒட்ட மட்டும்தான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

சர்க்கரை வந்து பத்து வருடம். "இனிப்பைக் குறைங்க, காலைல கொஞ்சம் நடங்க" என்று அவள் ஊதியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் டாக்டர் சொன்னார்: "மூணு மாசச் சராசரி ஒன்பதைத் தாண்டிடுச்சு. இனி தினம் ஊசிதான். இல்லேன்னா ஒரு புது மாத்திரைக்கு ஆராய்ச்சி நடக்குது, சேர்றீங்களா?"

ஊசிக்குப் பயந்து சேர்ந்தார். அங்கேதான் முளைத்தாள் அந்த ஆராய்ச்சி நர்ஸ்.

நர்ஸ் ஒரு டைரி கொடுத்தாள். தின்பது, குடிப்பது, நடப்பது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவிக்கு ஒரு வரி எழுதாத மனிதர், இப்போது முத்து முத்தாக எழுதினார். 'காலை 6.20, நடை, முப்பது நிமிடம்.' ஒழுங்காக எழுதிய பக்கத்துக்கு நர்ஸ் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினாள். ஐம்பத்து மூன்று வயதில் அதைக் கடைக்கு வந்த கொல்லருக்குக்கூடத் திறந்து காட்டினார்.

"நடன்னு நான் சொன்னப்ப முழங்கால் வலிச்சுதே?" என்றாள் மனைவி.

"சிஸ்டர் சொல்ற விதம் வேற."

விதமாம்! ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவர் தலையை இரண்டு தரம் வாரினார். போனில் நர்ஸ் அவரை "சார்" என்றாள். போனை எடுத்துக் கொடுத்த மனைவியை "அக்கா" என்றாள். ஒன்பது ஏழரையாக இறங்கியதும், "எல்லாம் சிஸ்டர் புண்ணியம்" என்றார். பத்து வருடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்குப் பாவம்தான் மிச்சம்.

அந்த வாரம் அவர் மேல்கையில் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்றோடு வந்தார். ஒட்டுகிறபோது என்ன ஏது என்று விளக்குவார்கள், கூட வா என்று கூப்பிட்டிருந்தார். "அவ மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்?" என்று அவள் போகவில்லை. ஏதோ மருந்துப் பிளாஸ்திரி என்று விட்டுவிட்டாள்.

பிறகு அவளுடைய பேரம் தெரிந்த மூளை வேலை செய்தது. சர்க்கரை கொஞ்சம் ஏறினால் ஆள் போய்விடமாட்டார். அந்தப் பெண்ணின் பெருமை மட்டும் இறங்கும். நாலு பத்துக்குக் கடைக்குக் கொண்டு போகும் டீயில் முதல் நாள் அரைக் கரண்டி சர்க்கரை போட்டாள். முன்பெல்லாம் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிவிடுவாள். இப்போது எதிரில் ஸ்டூலைப் போட்டு, கண்டுபிடிக்கிறாரா என்று முகத்தையே பார்த்தாள். குடித்தார். டைரியை எடுத்து, 'மாலை 4.10, டீ, சர்க்கரை இல்லாமல்' என்று எழுதினார். மரக்கட்டை நாக்கு! மூன்றாம் நாள் இரண்டு கரண்டி ஆனது.

இரண்டு வாரம் கழித்து, தோல்வியைக் கண்குளிரப் பார்க்க அவளும் கூடப் போனாள்.

நர்ஸ் அந்த வட்டத்தைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் காட்டினாள். வரைபடம் விரிந்தது. முதல் இரண்டு நாள் தரைபோல் ஓடிய கோடு, பிறகு தினமும் நாலரை வாக்கில் ஒரு குன்று ஏறி இறங்கியது. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு குன்று.

"இது ராத்திரி பகலா அளக்கும்னு சொல்லித்தானே ஒட்டினேன், சார்? டைரில சர்க்கரை இல்லாத டீன்னு இருக்கு. பொய்யா எழுதுனவங்கள ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவாங்க. மாத்திரையும் நின்னுடும். என்ன ஆச்சு?"

மனைவி கணக்குப் போட்டாள். மாத்திரை நின்றால் ஊசி. தான் போட்ட கரண்டி எங்கே போய்க் குத்துகிறது!

பூட்டு தானாகத் திறந்தது. "நான்தான் சிஸ்டர். ஆசையில போட்டுக்கிட்டேன். பேரை எடுத்துடுங்க."

"அவரு இல்ல!" என்று எழுந்தாள் மனைவி. "போட்டவ நான். அவருக்குத் தெரியாது. எடுக்கிறதுன்னா என்னை எடுங்க."

"உங்களை நாங்க சேர்க்கவே இல்லியே, அக்கா!"

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். அவர் இருவரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உண்மையை ஒப்புக்கொண்டதால் நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், அவர்கள் சம்மதித்தால் இந்த இரண்டு வாரத்தைத் தள்ளிவிட்டு மறுபடி அளப்பதாகவும் சொன்னார். "இன்னொரு தடவை நடந்தா என்னால காப்பாத்த முடியாது."

"இனிமே ஒவ்வொரு பக்கத்துலயும் அக்காவும் கையெழுத்துப் போடணும்" என்றாள் நர்ஸ்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு கரண்டி தெரியாதா? முதல் நாள் அரைக் கரண்டியே தெரிஞ்சுது."

"கையில இருந்தது அளக்கும்னும் தெரியும். அப்புறம் எதுக்குக் குடிச்சீங்க?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "டம்ளர் காலியாகுற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தியே. சர்க்கரையப் பத்திப் பேசினா நீ எந்திரிச்சுப் போயிடுவேன்னு நெனச்சேன்."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேலிடம் சம்மதித்தது. மறுபடி வட்டம், மறுபடி டைரி. நாலு பத்துக்குச் சர்க்கரையில்லாத டீயோடு ஸ்டூலும் வந்தது. இரண்டு வாரத்தில் வரைபடம் தரையாகவே ஓடியது. நர்ஸ் மகிழ்ந்து, இருவர் கையெழுத்துக்கும் நட்டநடுவே ஒரு நட்சத்திரம் ஒட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டைரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நட்சத்திரம் ஒரு நூல் அவர் பக்கம் சாய்ந்திருந்தது போல்தான் பட்டது. நகத்தால் மெல்லக் கிளப்பி, தன் கையெழுத்தின் தலைமேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.