பின்பக்கம் போய்ப் பார்க்காதவள்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. இன்று காலை வந்தாள், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள், நேற்று நடந்ததை மூச்சுவிடாமல் கொட்டினாள். "கதையா எழுதித் தொலைச்சிடாதடி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நான் நோட்டைத் திறந்துவிட்டேன்.

முதலில் எழுதிய வரி: 'சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி அந்தப் பலகைகள்...' அடித்துவிட்டேன். அக்கா சோலார் பொறியாளர். பார்த்தால், "முதுகு எங்கடி இருக்கு? அதுக்கு ரெண்டு பக்கமும் முகம்தான்" என்பாள்.

2

அதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். சாதாரண சோலார் பேனல் கூரையில் சாய்ந்து கிடந்து மத்தியானத்தில் அள்ளிக் கொடுக்கும். ஆனால் அக்காவுக்கு இப்போது வந்த வேலை ஒரு பால் குளிரூட்டும் நிலையம்; அதற்கு மத்தியானக் கரண்ட் எதற்கு? பால் வருவது காலையிலும் மாலையிலும். கரண்ட் போவதும் சொல்லிவைத்த மாதிரி அதே நேரத்தில்தான்.

அதனால் அக்கா இருபக்கப் பேனல்களை மைதானத்தில் வேலிபோல் நட்டுக்குத்தலாகப் பன்னிரண்டு வரிசை நிறுத்தினாள். காலை வெயிலைக் கிழக்கே பார்த்த முன்பக்கம் வாங்கும், மாலை வெயிலைப் பின்பக்கம். தூசி தங்காது. வரிசைகளுக்கு நடுவே மாடுகூட மேயலாம். (மாடு என்று எழுதியதும் கதைக்குள் ஒன்றை விடலாமா என்று ஆசை வந்தது. வேண்டாம், அதை யார் கட்டி மேய்ப்பது.)

நிலையத் தலைவியை எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள். முன்பு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அக்காவின் வார்த்தையை நம்பி, ஜெனரேட்டரை வேறொரு நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். "முந்நூறு வீட்டுப் பாலும்மா" என்று மட்டும் சொன்னார்.

3

நேற்று மாலைதான் முதல் ஓட்டம். மத்தியானம் வெயில் தாங்காமல் நிழல் தேடிய அக்கா, அன்றுதான் முதல்முறையாகப் பேனல்களின் பின்பக்கம் போனாள்.

வரிசைக்கு வரிசை, பேனல்களின் நட்டநடுவே குறுக்கே ஓர் இரும்புச் சட்டம்.  ஒரு பேனலின் செல்கள் எல்லாம் கைகோத்து நிற்பவை. ஒரு கோட்டில் நிழல் விழுந்தால் மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடும்.

"என்ன மாமா இது?"

பேனல்களை மாட்டிய ஃபிட்டர் எல்லோருக்கும் மாமா. "காத்து பலமா அடிக்குதும்மா. பிடிமானத்துக்குப் போட்டேன். பின்னாடிதானே, யாரு பார்க்கப் போறா?"

"சாயங்காலம் வெயில் அந்தப் பக்கம்தான் மாமா அடிக்கும்!"

அவர் முகம் விழுந்துவிட்டது.*

'பின்பக்கம் நிழலின்றி உள்ளது' என்று சோதனைத் தாளில் ஒரு வரி உண்டு. அதற்கு அக்கா வேனுக்குள் உட்கார்ந்தபடியே டிக் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்திருந்தாள்.

* இந்த இடத்தில் ஃபிட்டரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. இருபது வருடம் ஒருபக்கப் பேனல் மாட்டிய கை அது. இது வேறு சாமான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் என் அக்கா.

4

அக்கா நேரே டீச்சரிடம் போய் உண்மையைச் சொன்னாள் என்று எழுதப் போனேன்... இல்லை. மூன்று தடவை அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். நான்காவது தடவை டீச்சரே வெளியே வந்தார்.

"ஏம்மா, முகமே சரியில்லையே?"

"டீச்சர், நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணு. அஞ்சுக்குப் பால் வந்துடும். இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லு."

சட்டங்களைக் கழற்றி, மேல் பேனலுக்கும் கீழ்ப் பேனலுக்கும் இடையிலுள்ள சந்தில் மாட்ட வேண்டும். அங்கே செல் கிடையாது. பிடிமானமும் இருக்கும், நிழலும் விழாது. மாமாவும் அக்காவும் ஸ்பானரோடு இறங்கினார்கள். ஏழு வரிசைதான் முடிந்திருந்தது, அதற்குள் கேன்கள் வந்துவிட்டன. கரண்டும் போய்விட்டது.

பேனல் கரண்டில் குளிரூட்டும் கம்ப்ரஸர் ஒருமுறை இருமி நின்றது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. பால் முப்பத்துநாலு டிகிரி. இருபத்திரண்டு. பதிமூன்று. நாலுக்கு இறங்க வேண்டும். ஒன்பதில் இருக்கும்போது வெயில் சாய்ந்தது, கம்ப்ரஸர் அடங்கியது. வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. ஒரு கேன்கூடக் கெடவில்லை.

5

'அக்கா பெருமூச்சு விட்டாள்' என்று எழுதி முடித்தேவிட்டேன். ஈரத்தலையோடு அவள் பின்னால் வந்து நின்றிருந்தது தெரியாது.

"கதை இன்னும் முடியலடி" என்றாள்.

கருவிகளை மூட்டை கட்டும்போது மாமா தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "போன வருஷம் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி மாடியிலயும் இப்படித்தாம்மா சட்டம் போட்டேன்."

அதுவும் அக்கா கையெழுத்துப் போட்ட இருபக்கப் பேனல் வேலைதான்; அந்த மாடித் தரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னதே அவள்தான். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் பின்பக்கம் வாங்கும் என்று சேர்த்துத்தான் பேட்டரிக்குக் கணக்குப் போட்டிருந்தாள். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள், கரண்ட் போனால் அந்தப் பேட்டரியில் ஓடுபவை. நல்ல வெயிலில் குறை தெரியாது. நாலு நாள் மேகம் மூடிப் பேட்டரி நிரம்பாமல் போனால்...

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வானம் காலையிலிருந்தே மூடித்தான் கிடக்கிறது.

6

ஒரு முடிவு எழுதிக் காட்டினேன். 'சும்மா பராமரிப்பு' என்று சொல்லி மாடிக்குப் போகிறாள், சட்டங்களை மாற்றுகிறாள், யாருக்கும் தெரியாமல் இறங்கி வருகிறாள். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்தபோது எனக்குப் பயமாகிவிட்டது.

இன்னொன்று: உள்ளதைச் சொல்கிறாள். பெட்டிகளுக்கு இன்றே மாற்று ஏற்பாடு ஆகிறது. அவள் கையெழுத்து போட்ட எல்லா இடங்களையும் தோண்டித் துருவுகிறார்கள், வேலை போகிறது.

"இதுல நீ எதை வைக்கப் போறே?"

"நான் எதையும் வைக்க மாட்டேன்க்கா."

"எழுதுறவ நீதானே?"

"கையெழுத்து போட்டவ நீ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா நோட்டை என் பக்கம் தள்ளினாள். போனை எடுத்தாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி போனது.

"ஆஸ்பத்திரி, சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் உங்கள் வீட்டுக் குழந்தை படுத்திருந்தால், அவள் வாயில் எந்த வார்த்தையை வைப்பீர்களோ, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.