ஒரு தலையாட்டல்

வாழவந்தியில் பஸ் ஏறியதுமே புவனாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. முன் சீட்டிலிருந்த பெண் எழுந்து, புவனாவின் தோளில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டிவில வந்தவங்கதானுங்க நீங்க? உக்காருங்க. காச்சக் கொழந்தைய மறிச்சானுங்களே, அவனுகெல்லாம் மனுசனுங்களா?"

புவனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக இப்படித்தான். மளிகைக் கடையில் அவளுக்கு முதலில் சாமான் கட்டிக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பஸ்ஸ உட்டா உக்கார எடமில்லீங்கறீங்க, உடலைன்னா ரோட்டுல உக்காந்துக்கறீங்க!" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

ரோடு மறியல் நடந்த அன்றைக்கு யாரும் அவளை மறிக்கவில்லை. நின்றுபோன இந்த பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி எஸ்டேட் சனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு அவள் ஓடிவந்தபோது, அவர்களில் ஒருத்தியான காளியாயிதான் எழுந்து கூட்டத்தை விலக்கினாள். காளியாயியின் மகன் லோகேஷ் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் ஏற்காடு ஆஸ்பத்திரியில் விட்டான். அங்கே வாசலில் ஒரு மைக் நீண்டது. "உங்கள விடாம மறிச்சுட்டாங்களாம்மா? ரொம்பத் தவிச்சுட்டீங்களா?" மைக்குக்குப் பின்னாலிருந்த முகம் அத்தனை கனிவாக இருந்தது. இரவெல்லாம் தனியாக விழித்துக் கிடந்தவளை அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அழுகை முட்டியது. தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள், குழந்தையை மறித்ததாகச் சொல்லி லோகேஷையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் பஸ்ஸும் வந்தது.

அடுத்த ஸ்டாப்பில் காளியாயி ஏறினாள். கையிலிருந்த பையில் மடித்த சட்டையொன்று தெரிந்தது. மகனைப் பார்க்கச் சேலம் ஜெயிலுக்குப் போகிறாள். புவனா ஜன்னல் பக்கம் திரும்பி, ஓடும் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தாள்.

"காச்சல் உட்டுருச்சா கண்ணு?"

"உட்டுருச்சுங்க."

"நொம்ப எளச்சுப் போச்சு. கஞ்சி கிஞ்சி குடிக்குதா?"

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் புவனாவுக்கு மூச்சு விட முடிந்திருக்கும். பழகிய முகத்தைக் கண்டதும் குழந்தை தாவியது. காளியாயி பையைக் காலடியில் வைத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பயலுகள வெளியவே உடக் கூடாதுங்க," என்றாள் இடம் கொடுத்த பெண்.

காளியாயி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

புவனா எழுந்துவிட்டாள். "யாரும் என்னைய மறிக்கலீங்க. இவங்க பையன்தான் என்னைய ஆஸ்பத்திரில கொண்டுபோயி உட்டாரு. நான்தான்... கேட்டதுக்கெல்லாம் பொய்யாத் தலையாட்டிட்டேன்."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. எல்லோரும் காளியாயியைப் பார்த்தார்கள், அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார்கள்.

"பாவம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நல்லா மெரட்டி வெச்சிருக்கானுங்க."

இடம் கொடுத்த பெண் புவனாவின் கையை அழுத்தினாள். "பயப்படாதீங்க, நாங்க இத்தன பேரு இருக்கறம்." பிறகு காளியாயியிடம், "கொழந்தைய அவங்ககிட்டக் குடுத்துருங்க," என்றாள்.

காளியாயி குழந்தையை நீட்டினாள். அது வரமாட்டேனென்று அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. புவனாவின் கைகள் நீட்டியபடியே நின்றன. வளைவில் பஸ் திரும்பியது. நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள்.