கூட்டின் மேல் தூசி

சுடலைச்செல்வியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மந்திரமூர்த்தி நட்டுத் தேடிக்கொண்டிருந்தான். தகர டப்பாவில் மூன்றுதான் கிடைத்தன. நான்காவதுக்குப் புதியதை எடுத்தான்.

கோவில்பட்டியில் அந்த ஜின்னிங் மில்லுக்குப் பதினோரு வருஷமாக அவன்தான் ஃபிட்டர். பெல்ட்டை மூடியிருக்கவேண்டிய கம்பிக் கூட்டை ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றிவிட்டான். பெல்ட் அடிக்கடி தளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் நான்கு நட்டைக் கழற்றி மாட்டச் சடைவு. கூட்டைப் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். முதலாளி பூவனநாதன் அதைப் பார்த்துவிட்டு, "மாட்டிரணும்லா?" என்று ஒரு தரம் கேட்டார். "மாட்டிருதேன் மொதலாளி" என்றான். அதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பெல்ட்டுக்கு அடியில் சிதறிய பஞ்சைக் கூட்டி அள்ளியவள் செல்வி. வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியது அவன்தான்.

"மொதல்ல அந்தக் கூட்ட மாட்டுலே" என்றார் முதலாளி.

மாட்டினான். புது நட்டுப் பளபளத்தது. கிரீஸைத் தடவி, மேலே பஞ்சுத் தூசியை அள்ளித் தூவினான். பத்து வருஷம் அசையாமல் கிடந்த கூடு மாதிரி ஆயிற்று. அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஒரு சீப்புப் பழத்தைக் கொடுத்து அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "செவ்வாக்கெழம ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. அவகிட்டயும் கேப்பாரு. தப்பு எம்மேலன்னு சொல்லச் சொல்லு. பெறவு எடை போடுத இடத்துல அவள வச்சுக்கிடுவோம்."

செல்வியின் அம்மா காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவன் தொண்டையைச் செருமினான். செல்வியே முந்திக்கொண்டாள்.

"ஆம்பளையாள்கிட்டச் சொல்லுத காரியமில்ல அண்ணாச்சி. மெஷின நிப்பாட்டுனது நீங்கங்கதால ஒங்ககிட்டச் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். லீவு போட்டா சம்பளம் போயிருமேன்னு மறைச்சு வந்தேன். வெள்ளிக்கெழம, மெஷினுக்குச் சந்தனம் வச்சிருக்கு. தீட்டோட கிட்டப் போனேன். அதான் வெரல வாங்கிட்டு."

மந்திரமூர்த்திக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, நிம்மதி. முதலாளி சொல்லியனுப்பியதில் பாதியை அவளே சொல்லிவிட்டாள்.

"யாரு கேட்டாலும் தப்பு எம்மேலன்னு சொல்லிரு. மத்தது எனக்குள்ளயே இருக்கும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் குனிந்து கூட்டை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "எப்பவும் மாட்டியே இருக்குமாய்யா?"

"எப்பவும் சார்." காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் செல்வியும் தன் தப்பு என்றே சொன்னாளாம்.

இரண்டு மாதம் கழித்து அவள் எடை போட வந்தாள். பெண்கள் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "கோலம் போட ரெண்டு விரலு போதும், போங்கட்டி" என்று அவர்களை விரட்டிவிட்டு அவனிடம் வந்தாள்.

"நீங்க மூச்சுவிடல அண்ணாச்சி. மறக்கமாட்டேன்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. "ஏட்டி, தீட்டுமில்ல, ஒண்ணுமில்ல. கூட்ட நாந்தான் கழட்டிப் போட்டேன். அது இருந்திருந்தா ஒன் கை உள்ள போயிருக்காது."

அவள் யோசித்தாள். "கூடு அதுக்கு முந்தி ஒரு மாசமாவே இல்லயே. மத்த நாளெல்லாம் ஒண்ணுஞ் செய்யல. அன்னைக்கு மட்டும் ஏன் வாங்குச்சு?" கண் கலங்கிவிட்டது. "என்னத் தேத்துததுக்காவப் பழிய நீங்க சுமக்காதீங்க. இந்த மனசு யாருக்கு வரும்."

அவனிடம் பதில் இருந்தது. இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். செல்வி தானாக எட்டப் போய் நின்றுகொண்டாள். முதலாளி எந்திரத்துக்குப் பொட்டு வைத்தார், கூட்டுக்கும் ஒன்று வைத்தார். மந்திரமூர்த்தி கும்பிட்டான்.