பதினேழாம் நம்பர் மண்

பூபதி சாரைத் திட்டுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் என் பிஎச்டி வழிகாட்டி. பெரிய மூளை, அதில் சந்தேகமில்லை. மனசுதான் கிடையாது.

பாக்டீரியாவுக்குள் சில ஜீன்கள் இடம் விட்டு இடம் தாவும். தாவ வைப்பது ஒரு நொதி. அதன் ஒரு சின்னப் பகுதி டிஎன்ஏவில் சரியான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டால்தான் மற்ற பகுதி வெட்டும், ஒட்டும். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலை. மருந்துக்குச் சாகாத குணம் கிருமிகளிடையே பரவுவதும் இந்தத் தாவலால்தான்.

போன வைகாசியில் மண் எடுக்கக் கொல்லிமலைக்குப் போனேன். சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் கண்ணாயி அக்காவின் சாமைக் காடு. கீழே மருந்து கொடுத்து வளர்க்கும் பண்ணைகளிலிருந்து லாரியில் வந்த கோழி எருவைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஷூவோடு இறங்கப் போன என்னை அக்கா நிறுத்தினார். சாமிக்குப் படைக்கிற தானியமாம், அவர்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் காட்டில் செருப்பு போடுவதில்லை. நானும் கழற்றினேன். பதினேழாம் நம்பர் குப்பியில் மண்ணை அள்ளித் தந்தது அவர்தான்.

கார்த்திகையில் முடிவு வந்தது. அந்த மண்ணிலிருந்த கிருமியை ஆறு மருந்துகளில் ஐந்து ஒன்றும் செய்யவில்லை. ஐந்தையும் தாங்கும் ஜீன்களைத் தூக்கிவந்தது எங்கள் நொதிதான். சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். பேப்பர் வரும்வரை மூச்சு விடக் கூடாது, வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்றார். அதில் என் பெயர்தான் முதலில் வரும். வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வைகாசியில் மறுபடி மண் எடுக்கச் சோளக்காட்டில் இறங்கினால், அக்காவின் வீட்டுக்காரர் மாணிக்கம் கீழே போகும் பஸ்ஸுக்காக நிற்கிறார். எரு பரப்பும்போது அக்காவின் காலில் மண்வெட்டி பட்டுவிட்டதாம். பத்து நாளாக ஆஸ்பத்திரி. எந்த ஊசிக்கும் கேட்கவில்லையாம்.

நானும் அவரோடு ஏறினேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை போனில் சாருடன் சண்டை. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற எங்கள் அட்டவணையை வெளியே காட்டினால் பிஎச்டியை மறந்துவிடு என்றார்.

"மறந்துட்டேனுங்க சார்" என்று வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அட்டவணையைக் கொடுத்தேன், அதைத் தங்கள் லேப் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். ஆறாவது மருந்தை அன்றே ஆரம்பித்தார். முழங்கால் தப்பியது. பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு இது எப்பத் தெரியும் கண்ணு?"

"கார்த்திகையிலயே தெரியுமுங்க அக்கா."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு போடாத காடுன்னு உனக்குத் தெரியுமே சாமி" என்றார். "நீயே கழட்டிப்போட்டுத்தான உள்ள வந்தே."