அரண்மனை பார்க்கப் போன ஞாயிறு

மாமனார் உடையப்பன் செவந்தியை அழைத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கினார். செவந்தி என் மனைவியின் தங்கை. என் மனைவி அழகம்மாள் இறந்து எட்டு மாதம். தங்கையை எனக்கே கட்டிவைப்பதென்று அவர்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாக எதற்கும் அப்படித்தான்; சோறுகூடப் பாதிக்கு மேல் இறங்காது.

“ரூமுக்குள்ள ஒக்காந்தா நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க மாப்ளே. அரண்மனையப் பாத்துக்கிட்டே பேசலாம்,” என்றார். தெரிந்த குமாஸ்தா மூலம் அனுமதி வாங்கியிருந்தார்.

செருப்பை வாசலில் விட்டோம். கருங்கல் கட்டடம். கூர்நுனி வளைவுகள், மேலே குமிழ்க் கூரைகள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மாமனார் அண்ணாந்து பார்த்தார்.

“பள்ளிவாசலுக்குள்ள வந்தாப்ல இருக்கு.”

“அப்ப தொழுதுட்டே போங்க,” என்றார் பூவாளியோடு நின்ற தோட்டக்காரர் சேக் அலாவுதீன். மாமனார் சிரித்துவிட்டார். இருவரும் பேசிக்கொண்டே தோட்டத்துக்குள் முன்னால் நடந்தார்கள்.

செவந்தி குரலைத் தாழ்த்தினாள்.

“மச்சான், டீச்சர் ட்ரெயினிங்குக்கு எடம் கெடச்சிருக்கு. நாளைக்குச் சேரணும். அப்பா கடுதாசியப் பொட்டியில வச்சுப் பூட்டிட்டாரு.”

“கல்யாணம் வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா அடி விழும். நீங்க சொன்னா, பொண்ணுகிட்ட என்ன கொறைன்னு ஊரு கேக்கும்.”

இரண்டும் உண்மை.

ரோஜாப் பாத்தியில் அலாவுதீன் ஒரு பூவைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். “ஒங்க வீட்டம்மாவுக்குக் குடுங்க தம்பி.”

மாமனார் முகம் மலர்ந்தது. நான் பூவை வாங்கிச் செவந்தியிடம் கொடுத்தேன்.

“வச்சுக்க தங்கச்சி.”

அதுவரை அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். நாலு பேர் காதில் அப்படி விழுந்த பிறகு தாலி கட்ட முடியாது.

“தங்கச்சியா? தெரியாமச் சொல்லிட்டேன்மா,” என்றார் அலாவுதீன்.

“பரவாயில்லைங்க. அண்ணன்தான்,” என்று செவந்தி பூவைச் சூடிக்கொண்டாள்.

மாமனார் நீர்த்தொட்டி ஓரம் போய் வெகுநேரம் நின்றார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மூன்று பொட்டலம் வறுகடலை வாங்கினார்.

“நாளைக்கு எத்தன மணிக்குச் சேக்கணும்?” என்று மகளைக் கேட்டார்.

“பத்து மணிக்குப்பா.”

“நான் கூட்டிட்டுப் போறேன் மாமா,” என்றேன்.

“மாமாவா? எம்மக ஒனக்குத் தங்கச்சின்னா நான் ஒனக்கு யாருடா?”

முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார். ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். கடலை சூடாக இருந்தது. முழுவதும் தின்றேன்.