எந்த ழ?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் தனுஷியாவும் அபிராமியும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தனுஷியா பருத்தித்துறைப் பிள்ளை. அபிராமி கொட்டாஞ்சேனை, புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். அறையில் இரண்டு கிழட்டு மடிக்கணினிகளும் இணையத்துக்கு ஒரேயொரு டொங்கிளும். தனுஷியாவின் கணினியில் டொங்கிள் செருகும் துவாரங்கள் எப்போதோ செத்துவிட்டன. ஆகவே அபிராமியின் கணினியில் அதைச் செருகி, அங்கிருந்து வைஃபையாக மற்றதற்கு எடுப்பதென்று ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை காலை இருவருக்கும் இணையம் வேண்டும். அபிராமிக்கு வங்கிப் பரீட்சை. தனுஷியாவுக்கு, மெல்பேர்ன் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் மாதிரி வகுப்பு. அது சரிவந்தால் வேலை. கைபேசியில் பாடப்பலகை திறக்காது.

"பரீட்சை தொடங்கினா நான் வாயே திறக்க ஏலாதுடி. கேமரா மொறைச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள் அபிராமி. "பாஸ்வேர்ட் வாழைப்பழம். தமிழ்ச் சொல்லுதான், இங்கிலிஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்து."

"உனக்கு வேற பேர் கிடைக்கேல்லையோ?"

"பசில வச்சது. போ, போ, ஆரம்பிக்கிது."

தனுஷியாவின் கணினி எழும்பி முகம் கழுவி வருவதற்குள் அபிராமி பரீட்சைக்குள் போய்விட்டாள். தனுஷியா வாழைப்பழத்தை அடித்தாள். பிழை என்றது. 'ஏ' ஒன்றைக் கூட்டினாள். பிழை. கைபேசியில் வகுப்புப் பொறுப்பாளர் சிவபாதசுந்தரத்தின் செய்தி வந்து விழுந்தது: 'தங்கச்சி, பிள்ளையள் வந்திட்டினம். எங்கை நிக்கிறியள்?'

'இந்தா வாறன் சேர்.'

எட்டிக் கேட்டால் ஒரு சொல்லில் முடியும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அபிராமியின் பரீட்சையும் முடிந்துவிடும். கேட்பதில்லை என்று பல்லைக் கடித்தாள் தனுஷியா. நான் எப்படி எழுதுவேன் என்பதல்ல கேள்வி, இவள் எப்படி எழுதுவாள்?

போன மாதம் மழை இருட்டியபோது, உடுப்பை எடுக்கச் சொல்லித் தனுஷியா ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்பியிருந்தாள். 'எந்த மலைடி வருது, சிவனொளிபாத மலையா?' என்று அபிராமி நக்கலடித்தாள். தனுஷியா பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தாள். அபிராமியின் மழைக்குள் 'ஸெட்', 'எச்' இருந்தன. யாழ்தேவி ரயிலுக்கே 'எல்' போட்டுப் பழகிய தன் கைக்கு அது எங்கே வரும்!

இரண்டு ழகரத்துக்கும் 'ஸெட்', 'எச்' போட்டாள். பிழை. 'ப்ப'வுக்குப் போட்ட இரண்டு 'பி'யில் ஒன்றைக் கழித்தாள்.

தொடுத்துக்கொண்டது.

வகுப்புக்குள் நுழைந்ததும் படம் இழுபட்டது. இரண்டு பேரின் முகத்தையும் அந்தச் சின்ன டொங்கிள் சுமக்காது. அபிராமியின் முகம் பரீட்சைக்கு வேண்டும். தனுஷியா தன் கேமராவை அணைத்தாள்.

"டீச்சர், நீங்க இருக்கிறீங்களா?" என்றது காதுக்கருவிக்குள் ஒரு குட்டிக் குரல்.

"இருக்கிறன் குஞ்சு. இப்ப நான் ஒரு மிருகம். சத்தத்தை வச்சுக் கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்றாள் மூச்சுக்குரலில்.

சத்தம் போட ஏலாதே! அடித்தொண்டையில், அபிராமிக்குக் கேளாமல், ஆந்தையாக அலறினாள். மெல்பேர்ன் சிரித்தது. பலகையில் 'ஆ' விழுந்தது, பிறகு 'ந்', பிறகு 'தை'. பிள்ளைகள் ஒன்றாய்க் கத்தினார்கள்.

முடிவில் சிவபாதசுந்தரம் மட்டும் நின்றார். "முகம் காட்டாமலே பிள்ளையளை இருத்திப் போட்டியள். வாற சனி தொடங்குவமே?"

"ஓம் சேர்" என்று கிசுகிசுத்தாள்.

அபிராமி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். தனுஷியா வெறுங்காலுடன் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கீழே தெஹிவளைப் பக்கம் ரயிலொன்று தடதடத்துப் போனது. அந்த இரைச்சலுக்குள் தொண்டை கிழியக் கத்தினாள்:

"கிடைச்சிட்டுது!"